அந்தச் சாக்கு விளையாட்டு

சித்திரை விழா மேடையில் நடந்த சாக்கு விளையாட்டைப் பற்றி எல்லாரும் எழுதி ஓய்ந்துவிட்டீர்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

நெல்லுச் சாக்கில் இரண்டு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு தம்பி கதிரையில் இருக்கிறார். ஆட்கள் வரிசையில் போகிறார்கள். அவர் தலையாட்டினால் கள்ளன் பிடிபட்டான். சனம் கைதட்டுது. முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் எழும்பிப் போனதை நீங்கள் காணவில்லையா?

"சாக்குத்தானே" என்கிறீர்கள். ஓம், சாக்குத்தான். போடியார் வீட்டு விறாந்தையில் அடுக்கியிருந்தால் அது நெல்லு. சாக்கோட்டத்தில் காலில் மாட்டினால் சிரிப்பு. கண் வெட்டித் தலையில் போட்டால் எங்கட ஊரில் அதுக்குப் பெயர் தலையாட்டி: சண்டைக் காலத்தில் முகத்தை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆமிக்கு ஆளைக் காட்டிக்கொடுத்தவன். சுவஸ்திகாவைக் கோயில் வாசலில் கண்டால் கும்பிடுகிறோம். அதையே நாசிகள் 1935இல் ஜெர்மனியின் தேசியக் கொடியில் வைத்தார்கள். இன்று அங்கே நாசிச் சின்னமாக அதைக் காட்டுவது குற்றம். எங்களுக்கு மங்கலம்தானே என்று அங்குள்ள ஒரு யூதக் கிழவியின் வாசலில் போய்க் கீறுவோமா?

1990இல் எனக்கு 7 வயது. ஆமியின் சுற்றிவளைப்பு. பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலுக்குள் வரிசை. ஜீப்புக்குப் பக்கத்தில் சாக்கு. மாமா முன்னால் போனபோது அது ஒருக்கால் ஆடியது. மாமாவுக்கு 22 வயது. அதுக்குப் பிறகு அவரை நாங்கள் காணவில்லை.

பிள்ளைகள் தெரியாமல் செய்தார்கள் என்றால் நம்புகிறேன். மைக் பிடித்தவருக்கு 50 வயது இருக்குமே, அவருக்குமா தெரியாது? அதே 1990 செப்டெம்பர் 5, மட்டக்களப்பு வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து 158 பேரை ஆமி கொண்டுபோனதை அவர் கேள்விப்படவே இல்லையா?

சாக்குக்குள் இருந்தவனும் அடிவாங்கிய எங்கட பிள்ளைதான் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மை. அதுக்கு என்னிடம் பதில் இல்லை. அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள், அவளும் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம்.

பழசைக் கிளறாதே என்பவர்களுக்கு: நான் கிளறவில்லை. மேடை போட்டுக் காட்டியது நீங்கள்.

அம்மம்மா சாகும்வரை எங்களைத் தலையாட்டிப் பதில் சொல்ல விட்டதில்லை. சோறு போதுமா என்று கேட்டு நாங்கள் தலையை ஆட்டினால் கையில் அகப்பையோடு அப்படியே நிற்பார். "வாயால சொல்லு மனே." இப்போது என் மகளிடம் அதே சொல் என் வாயிலும் வருகிறது.

அந்த வீடியோ இன்னும் விழாக் குழுவின் பக்கத்தில் கிடக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.