சிங்க் ஆயிடுச்சாம்! படம் எங்கய்யா?

ஜூன் 12 மேட்டூர்ல ஷட்டரைத் தூக்கினா அன்னிக்கே டிவில பூ தூவுறதைக் காட்டிடுவாங்க. தலைஞாயிறு பக்கம் கடைமடைல நாத்தங்காலோட நிக்கிறவருக்குத்தான் தெரியும், வாய்க்கால்ல தண்ணி வந்தாத்தான் வந்ததுன்னு. ஃபைல் மாற்றங்களுக்குக் கணக்கு வைக்கிற 'கிட்' மேல ஓடி, பெரிய ஃபைல்களைப் பல மெஷின்ல வச்சுக்க உதவுற டூல் கிட் அனெக்ஸ். அதுல சிங்க் (ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக்குற கட்டளை) அடிக்கிறதும் இதே லட்சணம்தான். வரிக்கு வரி 'ஓகே', 'ஓகே'ன்னு கொட்டும். தஞ்சாவூர் டெஸ்க்டாப்லேர்ந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி, பஸ் ஏறி, 70 கிலோமீட்டர் தாண்டி மயிலாடுதுறை லேப்டாப்ல சொருகினா, கல்வெட்டுப் படம் ஒண்ணுகூடத் திறக்காது.

ஏன் திறக்கல? அங்க படமே போகல. போனது அடங்கல், அதாவது கணக்கு மட்டும்! 2010லேர்ந்து இருக்கிற இந்த டூலோட அடிப்படையே அதுதான்: ஃபைல் பேரும் எது எங்க இருக்குங்கிற கணக்கும் கிட்டுக்குள்ள, படம் தனியா. வெறும் சிங்க் கணக்கைத்தான் அனுப்பும். படமும் போகணும்னா 'கிட் அனெக்ஸ் சிங்க் --கன்டென்ட்'னு நாமதான் சொல்லணும். இல்லேன்னா 'அனெக்ஸ்.சிங்க்கன்டென்ட்'ங்கிற செட்டிங்கை ட்ரூன்னு வைக்கணும். 2023ல 'கிட் அனெக்ஸ் அசிஸ்ட்'னு ஒரு கட்டளை வந்துச்சு, சேர்க்கிறது அனுப்புறது எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிச்சிடும். நல்லதுதான். ஆனா சிங்க்னு பேரு வச்சுட்டு சரக்கை விட்டுட்டு சீட்டை மட்டும் அனுப்புறதுக்கு வேற பேரே கிடைக்கலையா?

திறக்காத படத்தை 'எல்எஸ் -எல்' போட்டுப் பாருங்க. அது ஃபைல் இல்ல, ஒரு அம்புக்குறி. '.கிட்/அனெக்ஸ்/ஆப்ஜெக்ட்ஸ்' பக்கம் கை காட்டும், கடைசில 'எஸ்ஹெச்ஏ256இ-எஸ்28311552--'ன்னு ஆரம்பிச்சு 64 எழுத்து வாலு. நடுவுல இருக்கிற 28311552 தான் படத்தோட அளவு, பைட்ல. அதாவது 27 எம்பி படம்னு அடங்கல்ல துல்லியமா இருக்கு. வயல்ல போய்ப் பார்த்தா ஒரு நாத்துகூட இல்ல.

அதனால டிஸ்க்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி, டெஸ்க்டாப்ல நின்னுக்கிட்டு 'கிட் அனெக்ஸ் ஃபைண்ட் --நாட் --இன்=பஸ்டிஸ்க்' அடிங்க (பஸ்டிஸ்க்ங்கிறது அந்த டிஸ்க்குக்கு நாம வச்ச பேரு). டிஸ்க்குக்குப் போய்ச் சேராதது மட்டும் பட்டியலா வரும். பட்டியல் காலியா இருந்தா பஸ் ஏறலாம். இந்த ஒரு வரி தெரியாம எத்தனை பேரோட டிக்கெட் காசு போயிருக்கும்!

அடுத்த வயித்தெரிச்சல். டெஸ்க்டாப்ல இருக்கிற ரெப்போவை (கிட் கணக்கு வைக்கிற ஃபோல்டர்) டிஸ்க்குல க்ளோன் பண்ணுவாங்க, அதாவது கிட் வழியா நகல் எடுப்பாங்க. டிஸ்க்குக்கு டெஸ்க்டாப்பைத் தெரியும், 'ஆரிஜின்'னு எழுதி வச்சிருக்கும். டெஸ்க்டாப்புக்கு டிஸ்க் யாருன்னே தெரியாது! இந்தப் பக்கமும் 'கிட் ரிமோட் ஆட்' போட்டு டிஸ்க்கை ரிமோட்டா (எதிர்ப்பக்க ரெப்போவா) பதிஞ்சாத்தான் ரெண்டும் உறவு. இது எந்த மூலைலயும் ஒளிஞ்சிருக்கிற விஷயம் இல்ல, ஆனா பாதிப் பிரச்சினை இங்கதான்.

சரி, சேர்த்தாச்சு, அனுப்பியாச்சு. டிஸ்க்கைத் திறந்தா புது ஃபோல்டரையே காணோம். மறுபக்கம் திறந்து வச்சிருக்கிற கிளைமேல (பிராஞ்ச்) நேரா எழுதுறதை கிட் தடுத்துடும். அதனால அனெக்ஸ் 'சிங்க்ட்/மாஸ்டர்'னு ஒரு பக்கவாட்டுக் கிளைல கொண்டுபோய் வச்சுட்டு வந்துடும். மதகுல தண்ணி நிக்குது, வாய்க்கால்ல இறங்கல. டிஸ்க்குக்குள்ள போய் அங்கயும் ஒருதடவை சிங்க் அடிச்சாத்தான் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும்.

பஸ்ல போற டிஸ்க்குக்கு இந்தக் கூத்தே வேணாம். இஎக்ஸ்டி4ல (லினக்ஸோட டிஸ்க் வடிவம்) ஃபார்மேட் பண்ணுங்க, 'கிட் இனிட் --பேர்' போடுங்க (பேர்னா பெயர் இல்ல, bare: ஃபைலை வெளிய விரிக்காத வெறும் ரெப்போ), உள்ள போய் 'கிட் அனெக்ஸ் இனிட் "பஸ்டிஸ்க்"'. அப்புறம் ரெண்டு ஊர்லயும் அதை ரிமோட்டா சேர்த்துட்டு சிங்க் --கன்டென்ட். பேர் ரெப்போல திறந்த கிளையே கிடையாது, தடுக்க ஒண்ணும் இல்ல. டிஸ்க்கைத் திறந்தா படம் பேரோட தெரியாதேன்னு ஒரு முனகல் வரும். தெரிய வேணாம், அது மாட்டுவண்டி, கொலு இல்ல.

எக்ஸ்ஃபேட்லயே வச்சுக்கிறேன், விண்டோஸ்லயும் திறக்கணும்னு அடம்பிடிக்கிறவங்க கணக்கைப் பார்த்துக்கங்க. அதுல சிம்லிங்க் (மேல பார்த்த அம்புக்குறி) கிடையாது. சாதா ரெப்போவா வச்சா ஒவ்வொரு படமும் ஆப்ஜெக்ட்ஸ்ல ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு ரெண்டு தடவை உக்காரும். 500 ஜிபி படத்துக்கு 1 டிபி டிஸ்க் பத்தாது. பேர் ரெப்போவா வச்சா எக்ஸ்ஃபேட்லயும் இந்தத் தொல்லை இல்ல.

எல்லாத்துக்கும் மேல ஒரு பாவம் இருக்கு: சிங்க் வேலை செய்யலன்னு கடுப்புல மொத்த ஃபோல்டரையும் காப்பி பேஸ்ட் பண்றது. ஒரே ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து ரெண்டு வீட்டுல வச்ச மாதிரி, ரெண்டு ரெப்போவுக்கும் ஒரே யூயூஐடி (அடையாள எண்). படம் எங்கெங்க இருக்குன்னு சொல்ற 'கிட் அனெக்ஸ் வேர்ஈஸ்' ரெண்டையும் ஒரே இடம்னு எண்ணும். ஒண்ணுல 'ட்ராப்' அடிச்சு படத்தை நீக்கினா இன்னொண்ணுலயும் படம் இல்லன்னு அடங்கல்ல ஏறிடும். காப்பி எடுத்த ரெப்போல 'கிட் கன்ஃபிக் --அன்செட் அனெக்ஸ்.யூயூஐடி', அப்புறம் புதுப் பேர்ல 'கிட் அனெக்ஸ் இனிட்', அப்புறம் படம் நிஜமா இருக்கான்னு சரிபார்க்க 'கிட் அனெக்ஸ் எஃப்எஸ்சிகே --ஃபாஸ்ட்'. பழைய ரெப்போலயும் அந்த எஃப்எஸ்சிகேவை ஒருதடவை ஓட்டிட்டு, ரெண்டுலயும் சிங்க்.

2022ல கிட் 2.35.2 வந்ததுலேர்ந்து இன்னொரு வம்பு. டிஸ்க்குல இருக்கிற ரெப்போவோட சொந்தக்காரர் எண்ணும், இந்த மெஷின்ல உங்க எண்ணும் வேற வேறயா இருந்தா 'டூபியஸ் ஓனர்ஷிப்'னு கதவைச் சாத்திடும். 'கிட் கன்ஃபிக் --குளோபல் --ஆட் சேஃப்.டைரக்டரி' போட்டு டிஸ்க்கோட பாதையைக் கொடுத்தா திறக்கும்.

ரெண்டு மெஷினையும் எஸ்எஸ்ஹெச்ல (நெட்வொர்க் வழியா) நேரா இணைக்கிறவங்களுக்கு இதைவிட ஊமைக்குசும்பு ஒண்ணு உண்டு. எதிர்ப்பக்கம் அனெக்ஸ் இன்ஸ்டால் ஆகலன்னா இது தானா அந்த ரிமோட்டுக்கு 'அனெக்ஸ்-இக்னோர்'னு முத்திரை குத்திடும். நீங்க அப்புறமா இன்ஸ்டால் பண்ணினாலும் முத்திரை அப்படியே இருக்கும், படம் போகாது. '.கிட்/கன்ஃபிக்'கைத் திறந்து அந்த வரியை அழிச்சா போகும்.

கரண்ட் போய் பாதில நின்னா மட்டும் பதற வேணாம். மறுபடி சிங்க் அடிச்சா மிச்சப் படங்கள் போகும். 'இண்டெக்ஸ்.லாக் இருக்கு'ன்னு முரண்டு பிடிச்சா, வேற கிட் எதுவும் ஓடலன்னு பார்த்துட்டு அந்த ஃபைலை அழிச்சுட்டு மறுபடி அடிங்க. --கன்டென்டோட!