கௌரவத்துக்காக இல்லை ஐயா

நம் வடசென்னை எம்.எல்.ஏ. ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசியதை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே அந்த வீடியோ ஆறு பேரிடமிருந்து வந்துவிட்டது. நடுத்தரக் குடும்பத்தார் கௌரவத்துக்காகத் தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, பிறகு கட்டணத்துக்கு அழுகிறார்களாம். கூட்டம் கைதட்டியது. தேர்தல் நேரத்தில் எங்கள் கல்விச் செலவைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசுவேன் என்று வீடு வீடாக வந்து சொன்னவரும் இவர்தான்.

என் கதையைச் சொல்கிறேன். 2013இல் என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளில் கட்டணமில்லாமல் 25 சதவீத இடம் உண்டு என்று கேள்விப்பட்டு வருமானச் சான்றிதழுக்கு அலைந்தோம். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் அலுவலகத்தில் மாதம் 17,500 ரூபாய் சம்பளம். ஆண்டுக்கு 2,10,000. நலிந்த பிரிவுக்கான வரம்பு 2 லட்சம். மாதம் 833 ரூபாய் கூடிவிட்டது, அவ்வளவுதான். குறைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் வழி சொன்னார். என் கணவர் மறுத்துவிட்டார். அதற்காக நான் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை.

நான் கேட்பது இதைத்தான்: 833 ரூபாய் கூடினால், முழுக் கட்டணத்தையும் கட்டும் வசதி எங்கிருந்து வந்துவிடும்? கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம் உண்டு, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. நடுவில் பாதிச் சலுகை, கால் சலுகை என்று ஒரு படியாவது வேண்டாமா? இத்தனை ஆண்டுகளில் அரிசி விலை ஏறியது, வாடகை ஏறியது. அந்த 2 லட்சம் மட்டும் அங்கேயே நிற்கிறது.

"ஏழைக்குக் கிடைப்பது உனக்குப் பொறுக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள், மனம் வலிக்கிறது. எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்காவுக்கு 2023இல் மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவளே நான்தான். விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் நின்று கூடை சுமந்து வருகிறவர் அவர். அவருக்கு அந்த 1,000 ரூபாய் காலத்துக்கும் வரட்டும். அவரிடமிருந்து ஒரு பைசாவை எடுத்து எனக்குத் தாருங்கள் என்று நான் எப்போது கேட்டேன்?

"அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கலாமே?" சேர்த்திருக்கலாம். முதல் பிள்ளை, ஆங்கிலம் வராமல் போய்விடுமோ என்று பயந்தோம். அந்தப் பயத்தைக் கௌரவம் என்று சொல்லாதீர்கள்.

2020இல் ஊரடங்கு. வீட்டுக்காரருக்குப் பாதிச் சம்பளம். ஆறாம் வகுப்புக்கு மகளை அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினோம். அதே ஆண்டில்தான் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. நல்ல சட்டம். ஆனால் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் அதில் இல்லை. என் மகள் வகுப்பில் ஆட்டோ ஓட்டுநர் மகள் இருக்கிறாள், வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவின் மகள் இருக்கிறாள். இவர்கள் யாருடைய கௌரவத்துக்காக அங்கே படிக்கிறார்கள்? கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டமும் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. பிறகு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் நீட்டித்தார்கள். மனம் வைத்தால் வரம்புக் கோட்டை நகர்த்த முடிகிறது, பார்த்தீர்களா?

வரம்பை மாற்றுவது அரசு, எம்.எல்.ஏ. என்ன செய்வார் என்று வக்காலத்துக்கு வருகிறவர்களுக்கு: எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்கலாம். அதற்குத்தான் அனுப்பினோம்.

மழைத் தண்ணீர் தேங்கியபோது முழங்கால் ஆழத்தில் இறங்கி வந்தவர் அவர். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு இவ்வளவு சுடுகிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன்.

அந்த எல்.கே.ஜி. கட்டணத்துக்காக என் தாலிச் சங்கிலியை அடகு வைத்தோம். வட்டி ஏறி, மீட்க முடியாமல், ஏலத்துக்குப் போய்விட்டது. பதின்மூன்று வருடமாக மஞ்சள் கயிறுதான் போட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு அதோடுதான் வருவேன் ஐயா. முன்வரிசையில் உட்காருவேன்.