வாசல்வரை பறந்து வருமா பார்சல்?

ட்ரோனில் பார்சல் அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற பேச்சு வரும்போதெல்லாம், அதைப் புரட்சி என்று கொண்டாடுபவர்களும் வெறும் விளம்பர வித்தை என்று ஒதுக்குபவர்களும் உடனே ஆளுக்கொரு பக்கம் நின்றுகொள்கிறார்கள். 2013 டிசம்பரில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி, இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் அரை மணி நேரத்துக்குள் பொருட்கள் வான்வழியே வந்து இறங்கும் என்று சொன்னதிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. அவர் சொன்ன கெடு முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதற்காக ட்ரோன்கள் பறக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ருவாண்டாவிலும் கானாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் சீனாவிலும் அவை பொருட்களைக் கொண்டுபோய் இறக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே பறக்குமா என்று கேட்பதில் இனிப் பொருள் இல்லை. ஒரே ஒரு பார்சலுக்காக ஒரு முழுப் பயணம் போய், வெறுங்கையோடு திரும்பி வருவது எந்தப் பார்சலுக்குக் கட்டுபடியாகும் என்று கேட்டால்தான் இந்த விவாதம் எங்காவது போய்ச் சேரும்.

கட்டுபடியான இடத்திலிருந்தே தொடங்குகிறேன். ஸிப்லைன் என்ற அமெரிக்க நிறுவனம் 2016 அக்டோபரில் ருவாண்டாவின் முஹாங்கா என்ற இடத்திலிருந்து மருத்துவமனைகளுக்கு ரத்தம் அனுப்பத் தொடங்கியது. நாம் படங்களில் பார்த்துப் பழகிய நான்கு விசிறி ட்ரோன் அங்கே பயன்படுத்தப்படவில்லை. இறக்கை விரித்த சிறிய விமானம் ஒன்று, கவண்போல் உந்தித்தள்ளும் ஏவுதளத்திலிருந்து கிளம்பி மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மருத்துவமனைக்கு மேலே வந்ததும் அது தரையிறங்குவதில்லை. தாழப் பறந்து, வயிற்றுக் கதவைத் திறந்து, காகிதப் பாராசூட் கட்டிய அட்டைப்பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. தளத்துக்கு வந்ததும் இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டியிருக்கும் கம்பியில் அதன் வால்கொக்கி மாட்டிக்கொள்ள, அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது. மருத்துவமனையின் பக்கம் எந்தக் கருவியும் வேண்டியதில்லை. செய்தி வந்ததும் வெளியே போய்ப் பெட்டியை எடுத்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் போதும்.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் வேகத்தையே பெரிதாகச் சொல்கிறார்கள். மலைப்பாதையில் வண்டி ஊர்ந்து வரும் நேரத்தைவிட ட்ரோன் வரும் நேரம் மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ரத்தம் கெட்டுப்போகும் பொருள். ரத்தம் உறைய உதவும் அணுக்களான பிளேட்லெட்டுகளை ஐந்து முதல் ஏழு நாட்கள்தான் வைத்திருக்க முடியும். எந்த நோயாளிக்கு எந்த வகை ரத்தம் எப்போது தேவைப்படும் என்று தெரியாததால், ஒவ்வொரு மருத்துவமனையும் எல்லா வகையையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்துக்கொண்டு, பயன்படாததைக் கீழே கொட்ட வேண்டியிருக்கிறது. இருப்பை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு கேட்டவுடன் அனுப்ப முடிந்தால் அந்த வீணடிப்பு குறையும். 2022-இல் 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு, ட்ரோன் சேவை பெற்ற ருவாண்டா மருத்துவமனைகளில் காலாவதியாகும் ரத்தத்தின் அளவு ஓராண்டில் 67 விழுக்காடு குறைந்தது என்று கண்டது. அதாவது அங்கே ட்ரோன் மிச்சப்படுத்தியது பயண நேரத்தை மட்டும் அன்று, ஒவ்வோர் ஊரிலும் இருப்பு வைக்கும் செலவையும்தான். பொருள் இலேசானது, அவசரமானது, விலைமதிப்புள்ளது; மாற்றுவழியோ மோசமான சாலை. இவ்வளவும் ஒருசேர அமைந்ததால் அந்தப் பயணம் செலவுக்குத் தகுதியானது.

இப்போது நல்ல சாலைகள் உள்ள ஒரு புறநகரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ட்ரோன் போட்டியிட வேண்டியது ஒரு டெலிவரி வேனோடு. காலையில் கிடங்கிலிருந்து கிளம்பும் வேன் ஒரே சுற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பொருள் கொடுத்துவிட்டு வருகிறது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே சில நூறு மீட்டர்தான் இருக்கும். சில நேரம் அடுத்த பார்சல் அதே கட்டடத்துக்கே இருக்கும். கிடங்கிலிருந்து அந்தப் பகுதிக்கு வரும் நீண்ட தூரத்தின் செலவு நூறாகப் பங்கு போடப்பட்டுவிடுகிறது. ட்ரோனுக்கு அந்தப் பங்காளிகள் கிடையாது. பத்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு வீட்டுக்குப் பல்துலக்கி ஒன்றைக் கொண்டுபோனால், இருபது கிலோமீட்டர் பயணமும் அந்தப் பல்துலக்கியின் தலையில்தான் விழும். ஒவ்வொரு கடிதத்துக்கும் தபால் நிலையத்திலிருந்து ஒரு தபால்காரர் தனியாகக் கிளம்பிப் போய்த் திரும்புவதைப் போன்ற ஏற்பாடு இது. ஊர் நெருக்கமாக நெருக்கமாக வேனின் கணக்கு இலாபமாகிக்கொண்டே போகும். ட்ரோனின் கணக்கு அப்படியே நிற்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட பார்சல்களை ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. ஒரே அளவு விசிறிகளை வைத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும் ட்ரோனின் எடையை இரட்டிப்பாக்கினால், அதற்குத் தேவைப்படும் திறன் இரண்டு மடங்கோடு நிற்காமல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. பெட்ரோலில் கிலோவுக்கு ஏறக்குறைய 12,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது; லித்தியம் பேட்டரியிலோ 250-ஐ ஒட்டித்தான். எடையைக் கூட்டினால் பேட்டரியைக் கூட்ட வேண்டும். பேட்டரியைக் கூட்டினால் எடை கூடும். அமேசானின் ட்ரோன் ஏறத்தாழ 2.3 கிலோவும், கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டைச் சேர்ந்த விங் நிறுவனத்தின் வழக்கமான ட்ரோன் ஒரு கிலோவைச் சற்றே தாண்டிய சுமையும்தான் தூக்குகின்றன என்பது இதனால்தான். பெசோஸ் அந்த நிகழ்ச்சியிலேயே, அமேசான் அனுப்பும் பொருட்களில் 86 விழுக்காடு ஐந்து பவுண்டுக்குள், அதாவது அதே 2.3 கிலோவுக்குள், அடங்கிவிடும் என்று சொன்னார். அது உண்மையாகவே இருக்கட்டும். பொருள் ட்ரோனில் அடங்கும் என்பது வேறு, அதன் பயணச் செலவு பொருளின் விலைக்குள் அடங்கும் என்பது வேறு.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ட்ரோன் மின்சாரத்தை விழுங்குகிறது என்ற குற்றச்சாட்டு இலேசான பார்சல்களைப் பொறுத்தவரை நிற்காது. கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, சிறிய ட்ரோன் ஒரு பார்சலுக்குச் செலவிடும் ஆற்றல் வழக்கமான வண்டிகளைவிட மிகக் குறைவு. மின்சாரச் சரக்கு மிதிவண்டி மட்டுமே அதைவிடச் சிறந்தது. எரிபொருள் குடிக்கும் ஒரு டன் எடையுள்ள கார், ஒரு பொட்டலத்துக்காக ஊரைச் சுற்றுவதோடு ஒப்பிட்டால் ட்ரோன் எவ்வளவோ மேல். என் தயக்கம் மின்சாரத்தைப் பற்றியது அன்று.

பணம் மின்சாரத்தில் போவதில்லை, ஆட்களில் போகிறது. ட்ரோனில் ஆள் இல்லாவிட்டாலும் தரையில் ஆட்கள் இருக்கிறார்கள். பல நாடுகளின் விதிகள், ட்ரோன் இயக்குபவரின் கண்பார்வைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற நிலையிலிருந்துதான் தொடங்கின. பார்வைக்கு அப்பால் பறக்க வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதி வரும்வரை வழியெங்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கண்காணிப்பாளர்கள் நிற்க வேண்டியிருக்கும். ஆளில்லா விமானத்தைப் பார்த்துக்கொள்ள இத்தனை ஆட்களா என்று சிரிப்பு வரும். வால்மார்ட்டுக்காகப் பறந்துகொண்டிருந்த ட்ரோன்அப் நிறுவனம், ஒரு டெலிவரிக்கு ஏறக்குறைய 30 டாலர் செலவாவதாகச் சொல்லி, 2024-இல் பல நகரங்களில் சேவையை நிறுத்திக்கொண்டது. இந்தச் செலவு குறையும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒருவரே பல ட்ரோன்களைக் கணினித் திரையில் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு இப்போதே வந்துவிட்டது. அமேசானுக்கும் 2024 மே மாதத்தில் பார்வைக்கு அப்பால் பறக்கும் அனுமதி கிடைத்தது. இது காலப்போக்கில் தீரக்கூடிய சிக்கல்.

தீராத சிக்கல் என்று நான் நினைப்பது கடைசிச் சில மீட்டர்களை. விங் ட்ரோன் வாடிக்கையாளரின் வீட்டுக்கு மேல் சுமார் ஏழு மீட்டர் உயரத்தில் நின்று, கயிற்றில் பொட்டலத்தை இறக்குகிறது. பொட்டலம் தரையைத் தொட்டதும் கொக்கி தானாக விடுபடுகிறது, கயிறு மேலே சுருண்டுகொள்கிறது. பார்க்க அழகான வேலைப்பாடுதான். ஆனால் அதற்கு மரக்கிளையும் மின்கம்பியும் துணி காயப்போடும் கொடியும் இல்லாத, வானம் தெரியும் ஒரு திறந்த இடம் வேண்டும். அப்படிப்பட்ட முற்றமோ புல்வெளியோ உள்ள வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் பகுதிகளில்தான் கிடைக்கும். அங்கே வாடிக்கையாளர்கள் குறைவு. வாடிக்கையாளர்கள் குவிந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பதினோராவது மாடிக்காரருக்கு இறக்கி வைக்க இடமே இல்லை. தேவை இருக்கும் இடத்தில் இறங்க வழியில்லை, இறங்க வழியிருக்கும் இடத்தில் தேவை போதவில்லை. சீனாவின் ஷென்ஜென் நகரில் மெய்த்துவான் நிறுவனம் இதற்கு ஒரு நேர்மையான விடை கண்டிருக்கிறது: ட்ரோன் வீட்டுக்கு வருவதில்லை, குடியிருப்புகளுக்கருகே வைத்திருக்கும் பெட்டகத்தின் மேல் இறங்குகிறது, வாடிக்கையாளர் நடந்துபோய் எடுத்துக்கொள்கிறார். வாசல்வரை என்ற வாக்குறுதியைக் கைவிட்டதும் பாதிச் சிக்கல்கள் அவிழ்ந்துவிடுகின்றன. கைவிட்டபின் மிஞ்சுவது, ஒரு கிளை அஞ்சலகத்துக்குப் பார்சலை வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கும் சேவை. அதுவும் பயனுள்ளதே, ஆனால் நமக்கு விற்கப்பட்ட கனவு அதுவன்று.

இரைச்சலைச் சிறிய விஷயம் என்று நிறுவனங்கள் நினைத்தன. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் போனிதன் பகுதியில் 2018-இல் விங் சோதனை நடத்தியபோது, அங்கிருந்தவர்கள் அந்தக் கீச்சொலியைத் தாங்க முடியாமல் எதிர்ப்புக் குழுவே அமைத்தார்கள். டெக்சாஸின் காலேஜ் ஸ்டேஷன் நகரிலும் அமேசானுக்கு எதிராக இதே புகார்தான் எழுந்தது. காரணம் எளியது: பொருளால் பயன் பெறுபவர் ஒருவர், ஒலியைக் கேட்பது தெரு முழுவதும். வேனும் சத்தம் போடும்தான், ஆனால் அது தெருவுக்கு ஒருமுறை வந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. ட்ரோன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வர வேண்டும். ஒரு பார்சலுக்கு ஒரு பயணம் என்ற அதே கணக்கு செவியிலும் வந்து அறைகிறது. 2021-இல் கான்பெராவில் காகத்தின் உறவான ரேவன் பறவைகள் கூடு காக்கும் வேகத்தில் ட்ரோன்களைத் தாக்கியதால் ஒரு பகுதியில் சேவையையே நிறுத்தி வைத்தார்கள். மனிதர்கள் மனு எழுதினார்கள், பறவைகள் நேரடியாகவே பேசிவிட்டன.

பாதுகாப்பைப் பற்றிப் பயமுறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. சாலையில் வண்டிகள் மோதி இறப்பவர்களை நாம் செய்தியாகக்கூடப் படிப்பதில்லை. ஆயினும் நடந்தவற்றைச் சொல்லாமல் விட முடியாது. சுவிட்சர்லாந்தில் மருத்துவ மாதிரிகளை எடுத்துச்சென்ற அஞ்சல்துறை ட்ரோன் ஒன்று 2019-இல் சூரிச்சில், விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சற்றுத் தொலைவில் விழுந்தது. அவசரப் பாராசூட்டின் கயிறு அறுந்துபோயிருந்தது. 2024 டிசம்பரில் ஓரிகன் மாநிலச் சோதனைத் தளத்தில் அமேசானின் இரண்டு ட்ரோன்கள் இலேசான மழையில் விழுந்தன. மழைத்துளிகளால் லேசர் உணரி தவறான அளவு காட்ட, ஏறத்தாழ இருநூறு அடி உயரத்தில் இருக்கும்போதே தரையிறங்கிவிட்டதாக எண்ணி மென்பொருள் மோட்டார்களை அணைத்துவிட்டது. இவை திருத்தக்கூடிய பிழைகளே. திருத்தினாலும் பலத்த காற்றிலும் கடும் மழையிலும் ட்ரோன் தளத்திலேயே கிடக்கும். அந்த நாட்களுக்காக வேனும் ஓட்டுநரும் எப்படியும் தயாராக இருந்தாக வேண்டும் என்பதால், ட்ரோன் வேனுக்கு மாற்றாக வருவதில்லை, அதன்மேல் ஏறும் கூடுதல் செலவாக வருகிறது. மிச்சம் பற்றிய கணக்குகளில் இந்தச் செலவு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

அமேசான் இந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் ஆண்டுக்கு 50 கோடி பார்சல்களை ட்ரோனில் அனுப்புவதை இலக்காக அறிவித்திருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 13.7 லட்சம். ஒரு ட்ரோன் நாளுக்கு இருபது முறை போய்வரும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், நாள்தோறும் 68,000 ட்ரோன்களுக்கு மேல் இயங்க வேண்டும். பழுதுக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கி வைப்பவை தனி. இது நடக்காது என்பதே என் கருத்து. தீவுகளுக்கும் மலையூர்களுக்கும் மருந்து, விஷக்கடிக்கு மாற்றுமருந்து, ஆய்வகத்துக்கு ரத்த மாதிரி, வெள்ளத்தில் துண்டிக்கப்பட்ட ஊருக்கு முதல் உதவி என்று ட்ரோன் நிலைத்துவிடும். அவற்றுக்கு அரசுகள் இன்னும் அதிகமாகச் செலவிட வேண்டும் என்றே சொல்வேன். வீட்டுச் சாமான்களைப் பொறுத்தவரை, இப்போதைய கட்டணங்களை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. நிறுவனம் தன் கைப்பணத்தைப் போட்டு நடத்தும் சேவைக்குக் கூட்டம் சேர்வதில் வியப்பில்லை. முழுச் செலவையும் வாடிக்கையாளரிடமே வாங்கிக்கொண்டு, ஒரு புறநகரில் நான்கு பருவங்களும் இந்தச் சேவை ஓடி, அந்தத் தெருக்காரர்களும் அதை எதிர்க்காமல் இருந்தால், நான் மேலே போட்ட கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கத் தயார்.