அம்மம்மாவுக்குக் குளிசை மட்டும் ஏன்?

இங்கிலாந்தில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் காசில்லாமல் பேச்சுச் சிகிச்சை தரும் சேவை ஒன்று 2008 முதல் நாடு முழுக்க நடக்கிறது. முன்பு ஐயாப்ட் என்றார்கள், 2023 முதல் என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) டோக்கிங் தெரபீஸ். அங்கே வருகிறவர்களில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு ஆறு ஏழு பேர்தான். நாட்டின் வளர்ந்தவர்களிலோ ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்த வயதினர். இந்த நோய்கள் முதியோரிடம் இளையோரைவிடக் குறைவாகவே காணப்படுகின்றன என்பது உண்மை. அப்படியிருந்தும் சேவைக்கு வைத்த இலக்கு 12 வீதம். அதில் பாதியைத்தான் எட்டியிருக்கிறார்கள்.

சிகிச்சை முடித்தவர்களில் எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழப் பாதிப்பேர் குணமாகிறார்கள். 65க்கு மேற்பட்டவர்களில் அது நூற்றுக்கு 60ஐத் தாண்டும். இடையில் விட்டுப் போவதும் அவர்களிடம் குறைவு. ஆக, நன்றாகப் பலன் பெறுகிறவர்களுக்குத்தான் கதவு மிக ஒடுக்கமாக இருக்கிறது.

இதற்கு முதற்காரணம் கட்டிய விதம். 2006இல் வட இங்கிலாந்தின் டொன்காஸ்டரிலும் கிழக்கு லண்டனின் நியூஹாமிலும் வெள்ளோட்டம் பார்த்தபோது, பொருளியலாளர் ரிச்சர்ட் லேயார்டும் உளவியலாளர் டேவிட் கிளார்க்கும் அரசிடம் வைத்த வாதம் காசு பற்றியது: நோயால் வேலை இழந்தவர் வேலைக்குத் திரும்பினால் அரசு கொடுக்கும் உதவிப்பணம் மிச்சம், அதிலேயே சிகிச்சைச் செலவு வந்துவிடும். கெட்டிக்காரத்தனமான வாதம், பணமும் கிடைத்தது. ஆனால் பென்சன் எடுப்பவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. முதியோரையும் சேர்க்கவேண்டும் என்று 2011இல் திட்டம் வந்தது. அதற்குள் தொலைபேசி, இணையப் படிவம், பயிற்சித் தாள் என்று எல்லாமே வேலை வயதுக்காரருக்கு அளவெடுத்துத் தைத்தாயிற்று.

இரண்டாவது காரணம் ஜிபியின், அதாவது குடும்ப மருத்துவரின், அறை. பத்து நிமிடத்தில் பிரஷர், சீனி, முழங்கால் எல்லாம் பார்த்து முடிய, மனதுக்கு மிஞ்சுவது அரை நிமிடம். இங்கிலாந்து ஜிபி பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், 55-59 வயதினரோடு ஒப்பிட்டால் 85 தாண்டியவர்களைப் பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு, மனச்சோர்வுக் குளிசை எழுதும் வாய்ப்பு இரண்டு மடங்கு. குளிசை கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வுக் குளிசைகள் முதியோரின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும், சிறுநீர்க் குளிசையும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாக. விழுந்து எலும்பு முறியும் ஆபத்தும் உண்டு. தொடங்கிச் சில கிழமைகளில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். இதைப் படித்துவிட்டுக் குளிசையைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

(1904இல் வியன்னாவில், பேச்சால் மனதை ஆராயும் முறையைத் தொடங்கிய ஃபிராய்ட், ஐம்பதை நெருங்கியவர்களின் மனம் வளைந்து கொடுக்காது, அவர்களுக்குத் தன் முறை சரிவராது என்றார். அப்போது அவருக்கு 48. பிறகு லண்டனில் 83 வயதிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.)

மூன்றாவது நாங்கள். "வயது போனால் அப்படித்தான்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். "எனக்கென்ன விசரே? கதைச்சு என்ன வரப்போகுது?" என்று அம்மம்மா சொல்வார். நித்திரையில்லை, நெஞ்சடைக்குது, உடம்பு உளையுது என்றுதான் முறைப்பாடு வரும். எல்லாரும் சேர்ந்து உடம்பைப் பார்ப்பார்கள்.

அடையாளம் காண்பதிலும் சிக்கல் இருக்கிறது. சேவை பயன்படுத்தும் பி.எச்.கியூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. 10 வந்தால் மனச்சோர்வு என்று எடுப்பார்கள். நித்திரை, களைப்பு, பசி, கவனம், அசைவின் வேகம் என்று ஐந்து கேள்விகள் உடம்போடு ஒட்டியவை. மூட்டுவாதமும் நீரிழிவும் உள்ள ஒருவர் மனம் நன்றாக இருந்தாலும் இவற்றில் புள்ளி ஏற்றிவிடுவார். "கவலையா?" என்ற கேள்விக்கு வெட்கத்தில் 0 சொல்லி, உண்மையிலேயே சோர்ந்திருப்பவர் 10க்குக் கீழே நிற்பதும் உண்டு. மொத்தத்தை மட்டும் பார்க்காமல் எந்தக் கேள்வியில் புள்ளி ஏறியது என்று பார்க்கவேண்டும். உடம்புக் கேள்விகளைப் பெரும்பாலும் தவிர்த்த, ஆம்/இல்லை என்று பதில் சொல்லும் முதியோருக்கான 15 கேள்விப் படிவமும் இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி வழி. ஜிபியின் கடிதம் தேவையில்லை. ஏதாவது ஒரு ஜிபியிடம் பதிந்திருந்தால் நேரே விண்ணப்பிக்கலாம். நியூஹாமில் இதைத் தொடக்கத்திலேயே அனுமதித்தபோது, தாமாக வந்தவர்கள் ஜிபி அனுப்பியவர்களைவிட அந்தப் பகுதியின் இனக் கலப்பை ஒத்திருந்தார்கள், கனகாலமாகக் கஷ்டப்பட்டவர்களாகவும் இருந்தார்கள். தமிழர் நிறைய வாழும் ஈஸ்ட்ஹாம் அந்த நியூஹாமில்தான் இருக்கிறது.

அம்மாவின் சம்மதத்தோடு பக்கத்தில் இருந்து படிவத்தை நிரப்புங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள், அதற்குக் காசு இல்லை. காது மந்தம் என்றால் தொலைபேசி வேண்டாம், நேரில் வேண்டும் என்று எழுதுங்கள். கோப்புகள் மூடப்படக்கூடிய இடம் இது. சேவை தெரியாத நம்பரிலிருந்து அழைக்கும், களவு அழைப்பு என்று பயந்து முதியவர் எடுக்கமாட்டார், ஒன்றிரண்டு முறை முயன்றுவிட்டு "பதில் இல்லை" என்று மூடிவிடுவார்கள். பிள்ளையின் நம்பரை இரண்டாவது தொடர்பாகக் கொடுங்கள். நூற்றுக்கு 75 பேருக்கு ஆறு கிழமைக்குள்ளும் 95 பேருக்குப் பதினெட்டுக் கிழமைக்குள்ளும் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது விதி. அதை மேற்கோள் காட்டிக் கேட்கலாம்.

முதலில் பெரும்பாலும் அரை மணி நேர வழிகாட்டல் அமர்வுகள் ஆறு முதல் எட்டு தருவார்கள். கையேடும் வீட்டுப்பாடமும் அதன் முதுகெலும்பு. ஆங்கிலம் வாசிக்காதவருக்கு இது பொருந்தாது, அடுத்த படியை, அதாவது ஒரு மணி நேரம் முகம் பார்த்துப் பேசும் சிகிச்சையை, நேரடியாகக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு முறை சொல்லப்படும், ஒரு மணி நேரத்தில் உண்மையில் கிடைப்பது அரை மணி. நீண்ட அமர்வு கேட்பது சலுகை அல்ல. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, 2012 ஒக்டோபர் முதல் வயதைக் காரணம் காட்டிச் சேவையில் பாகுபாடு காட்டவும் முடியாது.

மகனோ மகளோ மொழிபெயர்க்க வேண்டாம். மருமகளைப் பற்றியோ பேரப்பிள்ளை பார்க்கும் வேலையின் களைப்பைப் பற்றியோ பிள்ளைக்கு முன்னால் யார் வாய் திறப்பார்? அதைவிட முக்கியம் ஒன்பதாவது கேள்வி, சாக நினைத்ததுண்டா என்பது. "கெதியாப் போய்ச் சேர்ந்தால் நல்லது" என்று அம்மா சொன்னால் "அவ சும்மா அப்படித்தான் சொல்லுவா" என்று பிள்ளை விழுங்கிவிடும். பயிற்சி பெற்றவர் அதை அப்படியே சொல்வார், சிகிச்சையாளர் மேலும் கேட்பார். அப்படிப் பேச்சு வந்தால் அமர்வுக்காகக் காத்திருக்காமல் 111 என்ற சுகாதார உதவி இலக்கத்தை அழைத்து 2ஐ அழுத்துங்கள், உயிராபத்து என்றால் 999.

வயதின் மறுமுனையும், அதாவது இளையோர் பக்கமும், ஒழுங்காக இல்லை. பதினெட்டு வயதில் சிறுவர் மனநலச் சேவை கையை விடுகிறது, அந்த வயதில்தான் பிள்ளை பல்கலைக்கழகம் என்று வேறு ஊருக்குப் போய் ஜிபியையும் மாற்றுகிறது. பதினேழரை வயதிலேயே பெரியவர்களுக்கான சேவைக்கு மாற்றும் திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேச்சுச் சிகிச்சைக்கு இளையோர் பெருந்தொகையாக வருகிறார்கள், இடையில் நிற்பவர்களும் அவர்களில்தான் அதிகம். அதற்கு மாலை நேர அமர்வும் குறுஞ்செய்தி நினைவூட்டலும் கொடுத்துப் பார்க்கிறார்கள், நல்லது. அதே அக்கறையோடு முதியோர் நிலையங்களுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் நினைவு மறதி கிளினிக்குகளுக்கும் ஒரு சிகிச்சையாளரைக் கிழமைக்கு ஒரு நாள் அனுப்பாதவரை அந்த 12 வீதம் கடதாசியில்தான் இருக்கும்.