வுடுங்கடா, போதும்டா

எந்த வீடியோ என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாளாக என் இன்பாக்ஸுக்கு அதுதான் வந்துகொண்டிருக்கிறது. “உங்க ஏரியாதானே அண்ணே?” என்று சிரிக்கிற மஞ்சள் முகத்தோடு. ஆமாம், எங்க ஏரியாதான். அந்த ஷாமியானா எங்கள் தெருவில் கட்டியது. அந்தத் திரை உண்மையில் திரையே இல்லை, இரண்டு வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைத்தது. ஓரத்தில் பச்சைக் கரை தெரியும், உற்றுப் பாருங்கள். அதில் ஓடுகிற இயேசு படத்தைப் பார்த்து, எதிரே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு “வுடுங்கடா, போதும்டா வுடுங்கடா” என்று கத்துகிற கிழவி எங்கள் தெரு ஆயா. பதினாறு வினாடி. பின்னால் ஒரு காமெடி வசனம், அப்புறம் கூட்டமாகச் சிரிக்கிற சத்தம். மேலே தலைப்பு: ‘ஆயாவுக்கு ஒரு ஆஸ்கர் பார்சல்’.

சரி. கோபப்படாமல் எழுத வேண்டும் என்றுதான் நாலு நாள் காத்திருந்தேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். படத்தைத் திட்டு. எடுத்தவரைத் திட்டு. பெரிய வெள்ளி ராத்திரி அதைத் தெருவில் போட்டுக் காட்டிய, கோயிலின் தெருக் குழுவான அன்பியத்துக்காரர்களையும் திட்டு, எனக்கே அவர்கள்மேல் வருத்தம் உண்டு. பார்த்து அழுதவளை விட்டுவிடு.

‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ 2004 பிப்ரவரி 25 அன்று, சாம்பல் புதனன்று, அமெரிக்காவில் வெளியானது. மெல் கிப்சன் எடுத்தது. இயேசுவின் கடைசிப் பன்னிரண்டு மணி நேரம்தான் கதை. பேச்சு முழுக்க அரமேயம், எபிரேயம், லத்தீன். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். எங்கள் தெருவில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள், அன்றைக்குப் படித்தவர் ஒருவரும் இல்லை. வருஷா வருஷம் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், இயேசு சிலுவை சுமந்து போனதை நினைக்கிற சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைக்கும் முழந்தாள் போட்டு எழுந்தவர்களுக்கு எழுத்து எதற்கு? எந்த இடத்தில் விழுவார், எந்த இடத்தில் அம்மா வருவாள், எந்த இடத்தில் வெரோணிக்காள் முகம் துடைக்கத் துணியை நீட்டுவாள் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

இந்த அழுகை ஏதோ வட சென்னை ராயபுரத்துக் குடிசைக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்துத்தானே சிரிக்கிறீர்கள்? அந்தப் படம் வந்தபோது அமெரிக்காவில் என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள். சபைகள் தியேட்டரையே மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தன. கன்சாஸில் ஒரு பெண்மணி சிலுவையில் அறையும் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து இறந்தார். டெக்சாஸில் ஒருவர், படம் பார்த்த பிறகு, தான் செய்த கொலையைத் தானே போலீஸில் போய் ஒப்புக்கொண்டார். ரோஜர் ஈபர்ட், அந்த நாட்டின் பேர்பெற்ற விமர்சகர், தான் பார்த்ததிலேயே மிக வன்முறையான படம் இதுதான் என்று எழுதினார். எழுதிவிட்டு நாலுக்கு நாலு நட்சத்திரமும் கொடுத்தார். அதே கட்டுரையில், சின்ன வயதில் பூசைக்கு உதவுகிற பீடச் சிறுவனாகச் சிலுவைப்பாதைக்கு நின்றதையும் நினைத்துப் பார்க்கிறார். அவர் எழுதினால் விமர்சனம். எங்கள் ஆயா கத்தினால் காமெடி.

இன்னொன்று. ஆயா கத்துகிற அந்த இடத்தை முழுதாகப் பார்த்தீர்களா? ரோமச் சிப்பாய்கள் லத்தீனில் எண்ணிக்கொண்டே இயேசுவை அடிக்கிறார்கள். முதலில் கம்பு. அவர் மறுபடி எழுந்து நின்றதும் இரும்பு முனை வைத்த சாட்டை. கடைசியில் ஒரு ரோம அதிகாரி ஓடி வந்து நிறுத்துகிறான். தண்டிக்கத்தானே சொன்னார்கள், சாகும்வரை அடிக்கவா சொன்னார்கள் என்று கேட்கிறான். ஆயா சொன்னதைத்தான் அவனும் சொல்கிறான், கொஞ்சம் தாமதமாக. அவனுக்கு யாரும் சிரிப்புச் சத்தம் சேர்க்கவில்லை.

இப்போது சிலர் வருவார்கள், எனக்குத் தெரியும். “குழந்தைகளுக்கு இதைக் காட்டலாமா?” கூடாது. இதில் எனக்கு வாதமே இல்லை. அமெரிக்காவிலேயே பதினேழு வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணை இல்லாமல் உள்ளே விடவில்லை. அடுத்த வருஷம் கிப்சனே ஐந்து நிமிஷம் போல வெட்டிவிட்டு மறுபடி வெளியிட்டார். எங்கள் தெருவில் ஆறு வயசுப் பிள்ளைகள் முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தன, அது தப்பு. என் மகளை நான் சாட்டையடி வருவதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். (மொட்டை மாடியிலிருந்து முழுப் படமும் பார்த்திருக்கிறாள் என்பது மறுநாள் தெரிந்தது. அது என் வீட்டுப் பிரச்சினை.)

“யூதர்கள்மேல் வெறுப்பைக் கிளப்புகிற படம்” என்று ஒருவர் கமென்ட் போட்டிருந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. படம் வருவதற்கு முன்பே இந்தக் குற்றச்சாட்டு வந்தது. மத்தேயு நற்செய்தியில், இயேசுவைக் கொல்லச் சொல்லும் யூதக் கூட்டம் கத்துகிற ‘இரத்தப்பழி எங்கள்மேல்’ என்ற வரிக்குச் சப்டைட்டிலை எடுத்துவிட்டு, அரமேயத்தில் மட்டும் குரலை விட்டுவைத்தார்கள். அந்தப் பழியை யூதர்கள் எல்லார்மேலும் போடக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லேயே சொல்லியாகிவிட்டது. அதெல்லாம் சரி. ஆனால் எங்கள் பங்குக் கோயிலில் குருத்து ஞாயிறன்று பாடுகளின் வாசகம் வாசிக்கும்போது கூட்டத்தின் வசனம் யாருடையது தெரியுமா? எங்களுடையது. “அவனைச் சிலுவையில் அறையும்” என்று கோயிலில் கையில் குருத்தோலையோடு நின்று கத்துவது நாங்கள்தான். ஆயாவும்தான். ஐந்து நாள் கழித்து அதே ஆயா ‘வுடுங்கடா’ என்று கத்துகிறாள். இதில் யார்மேல் வெறுப்பைக் கண்டுபிடித்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

“எல்லாம் பிசினஸ்.” ஆமாம், பிசினஸ்தான். மூன்று கோடி டாலர் போட்டு அறுபது கோடிக்கு மேல் எடுத்தார்கள். அதில் ஆயாவின் பங்கு ஒரு கிளாஸ் பெரிய வெள்ளிக் கஞ்சி. அடுத்தது.

பாதிரியார் ஆவதற்குச் செமினரியில் நாலு வருஷம் படித்துவிட்டு வெளியே வந்த நண்பன் ஒருவன் இருக்கிறான். அவன் சொன்னதுதான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. சாட்டையடி நற்செய்தியில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கேட்டான். யோவானில் ஒரே ஒரு வசனம். மாற்கு அதைக்கூட முழுதாகக் கொடுக்காமல் ஒரு வசனத்தின் ஓரத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். படத்தில் அது பத்து நிமிஷம் போல ஓடுகிறது. “எழுதினவங்க விட்ட இடத்த இவர் ரத்தம் ஊத்தி நிரப்பியிருக்கார்” என்றான். அடி முடிந்ததும் ரோம ஆளுநர் பிலாத்தின் மனைவி வெள்ளைத் துணி கொண்டுவந்து கொடுக்க, இயேசுவின் அம்மா மரியாளும் சீடப் பெண் மதலேனாளும் தரையில் முட்டிபோட்டு ரத்தத்தைத் துடைக்கிற காட்சி பைபிளிலேயே இல்லையாம். எம்மெரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரி கண்ட காட்சிகளிலிருந்து எடுத்ததாம். இருக்கட்டும். அந்தத் துணிக் காட்சியைப் பற்றி எனக்கு ஒன்று சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன்.

அதற்கு முன்னால் ரத்தத்தைப் பற்றி. வட சென்னை என்றால் சினிமாக்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காசிமேட்டுப் படகு, ஹார்பர் கிரேன், ஒரு கேரம் போர்டு, ஒரு கத்தி. சில வருஷம் முன்னால் அடுத்த தெருவில் மூன்று ராத்திரி ஷூட்டிங் நடந்தது. பெரிய தண்ணீர் கேன்களில் சிவப்பாகக் கலக்கி வைத்திருந்தார்கள். வெட்டுப்பட்டு விழுகிறவனுக்கு எங்கள் பையன்களே கைதட்டினார்கள். போகும்போது தண்ணி விட்டுக் கழுவினார்கள், ஆனாலும் இரண்டு நாள் அந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. என்ன சர்க்கரை போட்டார்களோ. படம் வந்தது. அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. ‘மாஸ்’ என்று எழுதினார்கள். தம்பி, அந்த வீடியோவைப் போட்ட நீயும் எழுதினாய். உன் பக்கத்தில் கீழே போய்ப் பார்த்தேன், மூன்று நெருப்பு போட்டிருக்கிறாய். எங்கள் தெருவில் ஒருவன் வெட்டுப்பட்டால் உனக்கு விசில் வருகிறது. எங்கள் தெருக் கிழவி ஒருவன் அடிபடுவதைப் பார்த்துப் போதும் என்றால் உனக்குச் சிரிப்பு வருகிறது. இதில் யாருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்?

சரி, துணிக்கு வருகிறேன்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது 2004இல், சுனாமிக்குச் சில மாதம் முன்னால், பெரியம்மா வீட்டில். யாரோ வாங்கி வந்த சிடி, இரண்டு தட்டு. பெரியம்மா விடிகாலையில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்து, தெருத் தெருவாக விற்றவள். படம், நாடகம், எதற்கும் உட்கார மாட்டாள். அன்றைக்கு உட்கார்ந்தாள். சாட்டையடி முழுக்கக் கண்ணை எடுக்கவில்லை. அழவும் இல்லை. அந்தத் துணி வந்தது, துடைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதல் தட்டு முடிந்துவிட்டது. நான் இரண்டாவதை மாற்றிக்கொண்டிருந்தேன், டிவியில் வெறும் நீலம்.

அதற்கு முந்தின வருஷம் அவள் மகனை, என் அண்ணனை, சந்தேகக் கேஸ் என்று கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எந்த ஸ்டேஷன் என்பது இப்போது எதற்கு. மூன்றாம் நாள் விட்டார்கள், கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணன் ஒரு மாதம் குப்புறப் படுத்துத்தான் தூங்கினான். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அந்த நீலத் திரையைப் பார்த்துக்கொண்டே பெரியம்மா சொன்னாள்: “அவன் சட்டைய மூணு வாட்டி ஊற வச்சேன். போவல.” அப்புறம், “இன்னா பாக்குற, போடு அடுத்தத” என்றாள்.

பைபிளில் இல்லாத காட்சிதான். பெரியம்மாவுக்கு அது இருந்தது.

எங்கள் தெரு ஆயாவுக்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். ஒருவேளை ஒன்றுமே இல்லாமல் வெறும் பக்தியில் அழுதிருக்கலாம். அப்படி அழுதாலும் உனக்கு என்ன? நானே கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவன் இல்லை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், யாராவது செத்தால், அவ்வளவுதான். இது சாமி விஷயம் என்று நினைத்து இதை எழுதவில்லை.

கடைசியாக ஒரு புத்திசாலி: “எனக்காக அழாதீங்கன்னு இயேசுவே சொல்லியிருக்கார், முதல்ல பைபிள் படிங்க.” படித்திருக்கிறோம் ஐயா. லூக்கா 23:28, சிலுவைப்பாதையில் எட்டாம் நிலை. எனக்காக அழ வேண்டாம் என்று எருசலேம் பெண்களிடம் சொல்லிவிட்டு, உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்று அதே மூச்சில் சொல்கிறார். நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

ஆயாவுக்கு வீடியோ விஷயம் தெரியும். பேரன் காட்டிவிட்டான். இரண்டு தடவை பார்த்தாளாம். “நான் அவ்ளோ சத்தமாவா கத்தனேன்?” என்று மட்டும் கேட்டாளாம். ஈஸ்டர் பூசைக்கு எப்போதும் முதல் வரிசையில் நிற்கிறவள், இந்தத் தடவை பின்னால் தூண் ஓரமாக நின்றுவிட்டுப் போனாள்.

தம்பி, எடுத்துவிடு என்று கெஞ்சவெல்லாம் மாட்டேன், எப்படியும் ஆயிரம் பேர் இறக்கி வைத்திருப்பார்கள். அந்தக் காமெடி வசனத்தையும் சிரிப்பையும் நீக்கிவிட்டு, வெறும் ஆயா குரலோடு ஒரு தடவை போடு. அதே பதினாறு வினாடி. எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று நானும் வந்து பார்க்கிறேன்.