கட்-ஆஃப்பைச் சொல்லி பிள்ளையின் பட்டியலை வெட்டாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம்ம குமரி மாவட்டத்தில் கல்யாணப் பந்தியிலும் ஞாயிறு பூசை முடிந்த கோயில் வாசலிலும் ஒரே கேள்விதான், "பிள்ளைக்கு கட்-ஆஃப் எவ்வளவு, கிண்டி கிடைக்குமா?" கட்-ஆஃப் என்றால் பொறியியல் சேர்க்கைக்காக 200க்குக் கணக்கிடும் மார்க், கிண்டி என்றால் சென்னையில் உள்ள கிண்டி பொறியியல் கல்லூரி. பதில் வருமுன்னே, "போன வருசம் இதைவிடக் கூடின மார்க்குக்கே கிடைக்கல" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். எனக்கு இதில் கடுமையான கோபம் உண்டு.

கணக்கில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 90 என்றால் கணக்கு முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக 96+46+45, ஆக 200க்கு 187. சரி. ஆனால் இந்த 187க்குத் தனியாக ஒரு மதிப்பும் கிடையாது. கணக்கு வினாத்தாள் எளிதாக வந்த வருடத்தில் இதே 187 ஆயிரக்கணக்கான இடங்கள் பின்னால் தள்ளப்படும், கடினமாக வந்த வருடத்தில் முன்னால் வரும். அதனால் போன வருட மார்க்கோடு ஒப்பிடாமல், பிள்ளையின் தரவரிசை எண்ணைப் போன வருடம் இடம் கிடைத்தவர்களின் தரவரிசை எண்ணோடு ஒப்பிடுங்கள். அதிலும் பொதுத் தரவரிசை, பிள்ளையின் சமூகப் பிரிவுக்குள் வரும் சமூகத் தரவரிசை இரண்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் 31 சதவீதப் பொது இடங்களுக்கு எல்லாருமே போட்டியிடலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேறு இருக்கிறது, அது தெரியாமலே "கிடைக்காது" என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்!

தக்கலைப் பக்கம் தெரிந்த வீட்டில் ஒரு பெண் நோட்டுத் தாளில் கல்லூரிகளை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். மேலே இருந்த நான்கையும் அவளுடைய சித்தப்பா சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார், கிடைக்காததை எழுதினால் கிடைக்கிறதும் போய்விடுமாம். அப்படி எதுவும் போகாது. 2018 முதல் பொறியியல் இடங்களை ஒதுக்கும் கலந்தாய்வு ஆன்லைனில்தான் நடக்கிறது. உங்கள் பிள்ளையின் முறை வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும், முதலாவது காலியில்லை என்றால் இரண்டாவது, அதுவும் இல்லை என்றால் மூன்றாவது. கிண்டியை முதலில் போட்டதற்காகக் கீழே உள்ள ஒன்றுகூடக் குறையாது. வாய்ப்பு எவ்வளவு என்ற கணிப்பு பட்டியலின் அடிப்பாகத்துக்குத்தான் தேவை, உறுதியாகக் கிடைக்கிற சில இடங்கள் அங்கே இருக்கின்றனவா என்று பார்க்க. மேல்பகுதி பிள்ளையின் ஆசைக்கு உரியது, அதில் யாரும் கைவைக்க வேண்டாம்.

அப்புறம், வெளிநாட்டுப் படிப்பு. வளைகுடாவில் உழைக்கிற அப்பாக்களிடம் "உங்க மகனுக்கு அமெரிக்காவில் பெரிய யுனிவர்சிட்டி 80 சதவீதம் உறுதி" என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். ஹார்வர்டில் விண்ணப்பிக்கிற நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. அங்கே மார்க்கோடு கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், பள்ளிக்கு வெளியே பிள்ளை செய்தது எல்லாவற்றையும் ஆட்கள் உட்கார்ந்து படித்து முடிவு செய்கிறார்கள். பல பல்கலைக்கழகங்களில், உதவித்தொகை கேட்கிற வெளிநாட்டு மாணவர் என்றால் அதையும் கணக்கில் எடுப்பார்கள். இதற்கு யாராவது சதவீதம் சொன்னால் அது பொய், எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கே பட்டியல் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. வீட்டிலிருந்தே போய்வர நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி போதும் என்று பிள்ளை நினைத்தால் அதை அடியில் தைரியமாகப் போடுங்கள். ஆனால் சேரவே மாட்டேன் என்கிற கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள், மேலே எதுவும் கிடைக்காவிட்டால் ஒதுக்கீடு அதற்குத்தான் வரும்.