ஞாயிற்றுக்கிழமை கடை உண்டு

மதுரையில் எங்கள் சபைப் பாடகர் குழுவில், கொயரில், ஆல்டோ பாடுகிற பெண் ஒருத்தி. ஆடி பிறந்ததிலிருந்து ஆளைக் காணவில்லை. போன வாரம் முதல் ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா எதிரே வந்தார். "என்னம்மா, பாப்பா வேற சபைக்குப் போயிட்டாளா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே. விசுவாசமெல்லாம் இருக்கு. லீவுதான் இல்ல."

அந்தப் பெண் விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் நிற்கிறாள். ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தம், தீபாவளி, கிறிஸ்மஸ், புது வருசம், பொங்கல் என்று ஆறு மாதம் விடாத ஓட்டம். போன வருசம் டிசம்பர் 24 இரவு கடையில் எல்லாப் பெண்களுக்கும் சிவப்புத் தொப்பி கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். தலையில் கிறிஸ்மஸ் தாத்தா தொப்பி, கையில் அளவு நாடா, பதினோரு மணி வரை வியாபாரம். வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் விடிகாலை ஆராதனைக்கு எழுந்திருக்கவில்லை. அந்தத் தளத்தில் கிறிஸ்தவப் பிள்ளை அவள் ஒருத்திதானாம்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வென்ட் வாரங்கள் தொடங்கிவிட்டால் எல்லாப் பிரசங்க பீடங்களிலும் ஒரே பேச்சுதான்: கிறிஸ்மஸ் வியாபாரமாகிவிட்டது, ஸ்டார் இருக்கிறது, கேக் இருக்கிறது, கிறிஸ்துவைத்தான் காணோம். என் சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுவருகிறேன். வேறு ஊரில் எப்படியோ, மதுரையில் நின்றுகொண்டு இதைச் சொல்வது எனக்கு ஒட்டவில்லை. இந்த ஊரில் சாமியும் சந்தையும் என்றைக்குத் தனித்தனித் தெருவில் இருந்தன? மாசி மாதத்துத் திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர் என்றும், அறுவடை முடிந்து ஜனம் கையில் காசோடு இருக்கும் காலம் அது என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் கட்டிய புதுமண்டபத்தில் சிலைகளுக்கு நடுவே தையல்காரர்களும் வளையல்காரர்களும் புத்தகக்கடைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்தார்கள். சமீபத்தில்தான் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் தமுக்கத்தில் பொருட்காட்சி நடக்கும், அங்கே டெல்லி அப்பளம் தின்னாத பக்தர் யார்? நான் ஸ்டார் வாங்குவது ஒரு பாய் கடையில். கேக் வாங்கும் பேக்கரியில் கல்லாவுக்கு மேலே முருகன் படம். இதில் கிறிஸ்துவுக்கு என்ன குறைந்துபோயிற்று என்று எனக்குப் புரியவில்லை. ஸ்டார் விற்றால் விற்கட்டுமே.

காணாமல் போனது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை.

அது வெறும் கோயிலுக்குப் போகிற நாள் என்று நாமே நினைத்துக்கொண்டதுதான் முதல் கோளாறு. பத்துக் கட்டளையில் ஓய்வுநாளைப் பற்றி வரும் இடத்தை எடுத்துப் படியுங்கள். நீ மட்டும் ஓய்ந்திரு என்று அது சொல்லவில்லை. உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் மாடு, உன் கழுதை, உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியன் வரை பட்டியல் போகிறது. அதே கட்டளை மறுபடி வருகிற உபாகமப் புத்தகத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், உன்னைப்போல உன் வேலைக்காரனும் இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன்தானே என்று காரணமும் வருகிறது. எனக்குத் தெரிந்து முதலாளியைப் பார்த்து அவ்வளவு நேராகப் பேசுகிற வசனம் அதிகம் கிடையாது. மாட்டுக்குக் கூட லீவு எழுதிவைத்திருக்கிறது. (எங்கள் பாட்டி ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க விடமாட்டார், ஊசியில் நூல் கோக்க விடமாட்டார். ஆனால் அன்றைக்குத்தான் கறிக்குழம்பு, கோலா உருண்டை. அதை யார் அரைத்தது, யார் உருட்டியது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.)

321-இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிறைச் சட்டப்படி ஓய்வு நாளாக்கினான். அதிலும் பட்டணத்துக்காரர்களுக்குத்தான் ஓய்வு, உழவனுக்கு விதிவிலக்கு. நம் நாட்டுக் கதை இன்னும் சுவாரசியம். பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு 1890 ஜூன் 10-இல் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. சாதியை எதிர்த்த ஜோதிபா பூலேவின் சத்தியசோதக் சமாஜத்துக்காரர். ஞாயிறு மராட்டியர் கும்பிடுகிற எங்கள் கண்டோபா சாமிக்கு உகந்த நாள் என்பதும் அவர் வைத்த வாதங்களில் ஒன்று. ஆக, மிஷனரி போதிக்க, கண்டோபா துணை நிற்க, தொழிலாளி போராடி வாங்கியது இந்த நாள். மதச்சார்பற்ற சமுதாயத்துக்குள் நம் வேதப் புத்தகத்திலிருந்து போய்ச் சேர்ந்த பொருட்களிலேயே இதைவிடப் பொதுவானது எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இதை அனுபவிக்க ஞானஸ்நானம் எடுக்க வேண்டியதில்லை.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாடு கடைகள் சட்டம் 1947-லேயே வாரம் ஒரு நாள் விடுமுறை கொடுக்கச் சொன்னது. 2019-இல் வந்த அரசாணை பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் வருசத்தின் 365 நாளும் திறந்திருக்கலாம் என்றது. சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் ஒவ்வொருவருக்கும் லீவு தர வேண்டும் என்று நிபந்தனையும் உண்டு. 2021-இல் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று திருத்தம் வந்தது. ஒரு மனுசி உட்காருவதற்கே சட்டம் போட வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் சபைகளிலிருந்து அதற்கு ஒரு குரல் வந்ததாக எனக்கு நினைவில்லை.

கொயர் பெண்ணின் கடையிலும் லீவு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவள் அம்மா மூன்று வீட்டு வேலைக்குப் போயிருப்பார், தம்பி பள்ளிக்கூடத்தில் இருப்பான், சிநேகிதிகளுக்கு வேறு வேறு நாளில் லீவு. அவள் தலைக்குக் குளித்துவிட்டுப் படுத்துத் தூங்குகிறாள். உடம்புக்கு ஓய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரே சேர்ந்து மூச்சுவிடுகிற நாள் ஒன்று இருந்ததே, வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டில் சோறு போட்டு உட்காருகிற நாள், அது செவ்வாயில் வராது.

சில நண்பர்கள் உடனே வருவார்கள், தெரியும். மதச்சார்பற்ற நாட்டில் இந்து கடைக்காரர் ஏன் உங்கள் ஞாயிறுக்குக் கதவடைக்க வேண்டும்? அடைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் ஓடித்தான் ஆக வேண்டும், ஓய்வுநாளில் நோயாளியைத் தொட்டுக் குணமாக்கி ஏச்சு வாங்கியவர்தான் நம் ஆண்டவர். நான் கேட்பது நம்மைப் பற்றி. வெள்ளிக்கிழமை மதியம் டவுன் ஹால் ரோடு பக்கமோ காஜிமார் தெரு பக்கமோ போய்ப் பாருங்கள். பாதி இறக்கிய ஷட்டரில் சின்ன அட்டை தொங்கும்: தொழுகைக்குச் சென்றிருக்கிறோம். வாடிக்கையாளர் கொஞ்சம் நிற்பார், இல்லை பக்கத்துக் கடைக்குப் போவார். அந்த வியாபாரம் போனது போனதுதான். யாரும் அதை மதத் திணிப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். அதில் வசனமும் இல்லை, பிரசங்கமும் இல்லை. ஒரு மணி நேர நட்டம் மட்டும் இருக்கிறது. இந்த ஊருக்கு நட்டக்கணக்கு நன்றாகப் புரியும்.

இந்த ஊரில் கிறிஸ்தவத்துக்கு என்ன இடம் என்ற கேள்வி புதிதும் அல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய சேசு சபைப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி, பரங்கி மார்க்கம் என்று ஜனம் ஒதுக்குவதைப் பார்த்துக் காவி கட்டி, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் ஆனார். சாதியை அப்படியே விட்டுவைத்தார் என்ற வழக்கு அவர்மீது இன்றும் உண்டு, நியாயமான வழக்கு. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வைத்து இடம் பிடித்தார்கள். 1881-இல் பசுமலையில் தொடங்கியதுதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி. எந்த மதத்துக்காரரானாலும் மதுரையில் படித்தவர் வீட்டில் ஒருவராவது மிஷன் பள்ளி வாசலை மிதித்திருப்பார். அந்தக் காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைக்குத் தெருவுக்கு நாலு தனியார் பள்ளி, எட்டு ஆஸ்பத்திரி. நாமும் அவர்களில் ஒருவராகி, அவர்கள் வாங்குகிற கட்டணத்தையே வாங்கிக்கொண்டு, எங்களுக்கு மட்டும் சேவை என்ற பெயர் வேண்டும் என்கிறோம்.

அறுப்பின் பண்டிகையில் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜனங்கள் தங்கள் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து பீடத்தருகே வைப்பார்கள். வாழைத்தார், பூசணி, சேவல், முட்டை, இந்தக் காலத்தில் பிஸ்கட் பாக்கெட்டும். ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் ஏலம். இருபது ரூபாய் தேங்காய் ஐந்நூறுக்குப் போகும். வாங்கினவரே மறுபடி ஏலத்துக்குக் கொடுப்பார், அதே தேங்காய் மூன்று கை மாறும். சந்தையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு விளையாடுகிற இடம் அது. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த வருசம் கொயர் பெண்ணின் அம்மா ஒரு கட்டு முருங்கைக்கீரை வைத்திருந்தார். அதை 2,000 ரூபாய்க்கு எடுத்தார் ஒரு கடைக்கார அண்ணன். பந்தலே கைதட்டியது. நல்ல மனுசர், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கிற தசமபாகம் தவறாதவர். அவர் கடையில் ஏழெட்டுப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஞாயிறு இரண்டாவது ஆராதனை முடிந்ததும் அவர் நேராகப் போவது அந்தக் கடைக்குத்தான். அவர் வரும்வரை கடையைத் திறந்து வைத்திருப்பது அந்தப் பெண்கள்.

நானும் கைதட்டினேன். அவரைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், இல்லை. சொல்லிவிடுகிறேன்.

நான் சின்னதாக ஒரு ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, கும்பாபிஷேகம், கட்சிக்கூட்டம் எல்லாம் அடிப்பேன். டிசம்பரில் எனக்கு அறுவடை: வாக்குத்தத்த அட்டை. புது வருச ஆராதனையில் ஆளுக்கொன்று எடுப்பீர்களே, அந்த வசனச் சீட்டு. வியாபாரமாகிவிட்டது என்று பிரசங்கம் பண்ணுகிறவர்கள் மூன்று வாரம் முன்னாலேயே என்னிடம் விலை பேரம் பேசி முடித்திருப்பார்கள். போன டிசம்பர் கடைசி ஞாயிறு, காலையில் நான் ஆராதனைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அச்சகத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் தெருவில் கன்னி பூஜை, நாலு மணிக்குப் போகணும்ணே என்று வியாழக்கிழமையே சொல்லியிருந்தார். திங்கட்கிழமை டெலிவரி, முடிச்சுட்டுப் போ என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பார்க்கிறேன், கறுப்பு வேட்டியோடு நின்று ஓட்டிக்கொண்டிருக்கிறார். வெளியே வந்துகொண்டிருந்த தாளில் இருந்த வசனம், வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை அழைத்து இளைப்பாறுதல் தருவேன் என்கிற வசனம். கதைக்காகச் சேர்த்துச் சொல்லவில்லை, அந்த வசனம் இல்லாமல் எந்தச் சபைக்கும் அட்டை அடித்ததில்லை நான். அவர் அதைப் படித்தாரா தெரியாது. "அய்யாயிரம் ஓடிருச்சுண்ணே, இன்னும் மூவாயிரம்தான்" என்றார்.

நான் கோயிலுக்குப் போவதற்காக இன்னொரு ஆளை அவர் கோயிலுக்குப் போகவிடாமல் நிறுத்தியிருக்கிறேன். என் வாசலுக்குள் இருக்கிற அந்நியன் என்று எழுதியிருந்தது அவரைத்தான்.

பிப்ரவரியில் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கியபோது ஞாயிறு முழு விடுமுறை என்று ஒரு பிளெக்ஸ் அடித்து ஷட்டரில் மாட்டினேன். சம்பளம் பிடிக்கவில்லை. வருமானத்தில் கை வைத்தது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒரு சண்டையும் நடந்தது. சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியிலும் பேசிப் பார்த்தேன். சபைக்குச் சொந்தமான கடைகளை வாடகைக்கு விடுகிறோமே, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஞாயிறு அரை நாளாவது அடைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று. வாடகை குறையும் என்றார்கள். செவ்வாய் இரவு பத்து மணிக்கு கடைப்பிள்ளைகளுக்கு ஒரு சின்ன ஆராதனை வைக்கலாமா என்றும் கேட்டேன். வாட்ச்மேனுக்கு யார் ஓவர்டைம் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதனால் நான் பதில் பேசவில்லை. அந்த வாட்ச்மேன் ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்கிறார் என்று அப்போதுதான் எனக்கும் தோன்றியது. கேட்டில் நின்று நம் வண்டிகளை ஒழுங்கு பண்ணுகிறார்.

போன சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு போன். நற்செய்திப் பெருவிழா போஸ்டர், 2,000 தாள், திங்கள் காலை ஊர் முழுக்க ஒட்டியாக வேண்டும். நாளைக்கு லீவு என்றேன். "தேவனுடைய காரியம்தானே பிரதர், ஞாயித்துக்கிழமை செஞ்சா என்ன?" என்றார். அரை நிமிசம் யோசித்தேன், ஒப்புக்கொள்கிறேன். முடியாதுங்க என்றேன். வேலை வேறு அச்சகத்துக்குப் போனது.

திங்கட்கிழமை மிஷின்காரர் வரும்போது வழியெல்லாம் போஸ்டரைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"ஏண்ணே, இது நம்மகிட்ட வர்ற வேலைதானே?"

"வந்துச்சு. ஞாயித்துக்கிழமை கேட்டாங்க."

"எவ்வளவு நின்னுருக்கும்?"

சொன்னேன். "அடேங்கப்பா" என்று சொல்லிவிட்டு, நேற்று பிள்ளைகளோடு அழகர்கோவில் போய் வந்ததாகவும், தோசைக்கு அவ்வளவு கூட்டம் என்றும் சொல்லிக்கொண்டே ரோலரைத் துடைக்கப் போனார்.